பர்பன் தெருவோடு திரும்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் நியூ ஆர்லியன்ஸ் நகரைப் பற்றி வந்த பயணக் கட்டுரை ஊரின் கட்டடங்களையும் ஆற்றையும் சாப்பாட்டையும் நன்றாகவே சொன்னது. இசை என்று வந்ததும் "இரவில் பாட்டுக் கேட்க பர்பன் தெருவுக்குப் போகலாம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. ஜாஸ் பிறந்த ஊருக்கு அந்த ஒரு வரி போதாது. போதாததோடு, அது ஆளைத் தவறான இடத்துக்கும் அனுப்பிவிடும். ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் சுமார் 350 மைல், ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். டெக்சஸில் வாழும் தமிழர்களுக்கு ஒரு நீண்ட வார இறுதியில் போய்வரக்கூடிய தொலைவு. அப்படிப் போகிறவர்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும், வாசிப்பவருக்கு எப்படிப் பணம் தர வேண்டும் என்பதை உங்கள் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் நல்லது என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் பர்பன் தெரு. கெனால் தெருவிலிருந்து உள்ளே நுழைந்ததும் வரிசையாக வரும் பெரும்பாலான பார்களில் நீங்கள் கேட்கப்போவது வேறு ஊர்களின் பழைய ராக் பாட்டுகளும் கரோக்கியும்தான். ஒன்றுக்கு மூன்று என்று பானம் விற்கும் பலகைகளும், ஒரு கடைச் சத்தம் அடுத்த கடைச் சத்தத்தை அமுக்கப் பார்க்கும் ஒலிபெருக்கிகளும்தான் அங்கே அதிகம். ஹரிக்கேன் என்று சிவப்பாக, இனிப்பாக ஒன்று தருவார்கள். அதன் பழைய செய்முறைப்படி ஒரு கோப்பைக்கு 4 அவுன்ஸ் ரம், அதாவது ஏறக்குறைய 120 மில்லி. பழச்சாற்று இனிப்பில் ரம்மின் காரம் தெரியாது. இரண்டு குடித்தால் 240 மில்லி உள்ளே போயிருக்கும். இரவு ஒன்பது மணிக்கே விடுதிக்குத் திரும்ப வேண்டியதாகிவிடும். நல்ல இசை தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

அந்தத் தெருவிலும் ஒரு விலக்கு உண்டு. 733 என்ற எண்ணில் ஃபிரிட்ஸல்ஸ் என்ற சிறிய பார் 1969 முதல் இருக்கிறது. பழைய பாணி ஜாஸ் மட்டுமே. மர பெஞ்சுகள், தாழ்ந்த கூரை, மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே கை நீட்டும் தூரம். ஒரு செட்டுக்கு (இடைவெளி விடாமல் வாசிக்கும் ஒரு சுற்று) ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்பது விதி. பர்பன் தெருவைப் பார்க்காமல் வர மனமில்லை என்பவர்கள் நேரே இந்த எண்ணுக்கு நடந்து, ஒரு செட் கேட்டுவிட்டு வெளியேறிவிடலாம்.

மாலையைத் தொடங்கத் தகுந்த இடம் அங்கிருந்து மிக அருகில், செயின்ட் பீட்டர் தெரு 726-இல் இருக்கும் பிரிசர்வேஷன் ஹால். 1961-இல் தொடங்கியது. அது பார் இல்லை; மது விற்பதில்லை, எந்த வயதினரும் வரலாம். குழந்தைகளோடு போகும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. ஒரு நிகழ்ச்சி சுமார் 45 நிமிடம். ஒரு மாலையில் பல நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடக்கும். ஒலிபெருக்கி இல்லாமல் ட்ரம்பெட், கிளாரினெட், டிராம்போன் மூன்றும் அந்தச் சிறிய அறையில் எப்படிப் பிரிந்து ஒலிக்கின்றன என்பதை இங்கே காது பிடித்துக்கொண்டால், அன்றிரவு போகும் மற்ற எல்லா இடமும் தெளிவாகக் கேட்கும். ட்ரம்பெட் மெட்டைச் சொல்லும். கிளாரினெட் அதற்கு மேலே கொடி போலச் சுற்றும். டிராம்போன் கீழிருந்து இழுத்து இழுத்துப் பதில் சொல்லும். மூவரும் ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசிக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பாணியின் உயிர். டிக்கெட்டை முன்பே இணையத்தில் வாங்கிவிட வேண்டும். இருக்கை உள்ளது, நிற்பது என இரு வகை உண்டு. முட்டிவலி உள்ளவர்கள் நிற்கும் டிக்கெட்டை வாங்க வேண்டாம். வாசிக்கும்போது படம் எடுக்கவும் பதிவு செய்யவும் அனுமதி இல்லை. கைபேசி பைக்குள் இருக்கட்டும்.

அங்கிருந்து வடகிழக்காகப் பதினைந்து நிமிடம் நடந்து எஸ்பிளனேடு அவென்யூவைக் கடந்தால் ஃபிரெஞ்ச்மென் தெரு. 1769-இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்ததற்காகக் கொல்லப்பட்ட பிரெஞ்சுக்காரர்களின் நினைவாக வந்த பெயர். இசைக்கூடங்கள் இருப்பது ஏறத்தாழ இரண்டு மூன்று பிளாக்குகளுக்குள்தான். ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு இருபது அடி. ஒரே இரவில் நான்கு குழுக்களைக் கேட்க முடியும் என்பதால் இங்கே வருவதற்கு முன் ஒரு முடிவு செய்துகொள்ள வேண்டும்: உட்கார்ந்து கேட்பதா, நின்று கேட்பதா, ஆடுவதா?

உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் 626-இல் உள்ள ஸ்னக் ஹார்பர். முன்பக்கம் பார், பின்பக்கம் தனி இசை அறை. கீழே மேசைகள், மேலே ஒரு மாடம். இரவுக்கு இரண்டு நிகழ்ச்சிகள், இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். பியானோ மேதை எல்லிஸ் மார்சாலிஸ் பல ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்த அறை இது. 2020 ஏப்ரலில் கோவிட் அவரைக் கொண்டுபோய்விட்டது. இங்கே பேசக் கூடாது. மார்கழியில் சென்னையின் நல்ல சபாவில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது எப்படி உட்கார்ந்திருப்போமோ அப்படி உட்கார வேண்டும் (அதன் நடுவே கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் இங்கே வர வேண்டாம்). மாடத்தில் தூணுக்குப் பின்னால் சில இடங்கள் மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் முன்னதாகப் போனால் கீழே கிடைக்கும்.

நின்று கேட்பவர்களுக்கு 623-இல் ஸ்பாட்டட் கேட். சின்ன அறை, வாசலை ஒட்டியே மேடை. அதனால் நடைபாதையில் நின்றாலும் கேட்கும். உள்ளே போனால் செட்டுக்கு ஒரு பானம் என்பது விதி. குடிக்காதவர்கள் இதற்காகத் தயங்க வேண்டாம். எலுமிச்சை பிழிந்த சோடாவும் ஒரு பானம்தான், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஸ்விங் ஆடத் தெரிந்த உள்ளூர் ஜோடிகள் மேடைக்கு முன்னால் ஒரு சிறு வட்டம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வட்டத்துக்குள் கோப்பையோடு நின்றால் முழங்கை படும், தப்பு நம்முடையது. 618-இல் டி.பி.ஏ. 2000-இல் திறந்தது. பீர், விஸ்கி வகைகள் இந்தத் தெருவிலேயே இங்கேதான் நன்றாக இருக்கும். முன்னிரவில் ஜாஸ், பின்னிரவில் ஃபங்க் என்ற துள்ளல் தாள இசை அல்லது பிராஸ் பேண்ட் (பித்தளை ஊதுகருவிகளும் டிரம்மும் சேர்ந்த குழு). 532-இல் உள்ள ப்ளூ நைல் ஆடுகிறவர்களுக்கானது. இவை இரண்டிலும் பின்னிரவு நிகழ்ச்சிக்கு வாசலில் நுழைவுக் கட்டணம் இருக்கும்.

இந்தத் தெருவின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல இடங்களில் ஒரு நாளுக்கு இரண்டு அல்லது மூன்று குழுக்கள். பிற்பகலில் ஒன்று, ஆறு ஏழு மணி வாக்கில் ஒன்று, பத்து மணி வாக்கில் ஒன்று. ஒவ்வொரு குழுவும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாசித்து, கால் மணி இருபது நிமிடம் நிறுத்தி, மறுபடி தொடங்கும். ஒன்பதே கால் மணிக்கு வந்து எட்டிப் பார்த்து "ஒன்றும் நடக்கவில்லையே" என்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய. அப்போது ஒரு குழு கருவிகளைக் கட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு குழு டிரம்மை இறக்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில்தான் சாப்பிட வேண்டும்.

இப்போது இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயம்: டிப்ஸ் வாளி. நுழைவுக் கட்டணம் இல்லாத பாரில் இசை இலவசம் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே வாசிப்பவர்களுக்கு வருமானம் இரண்டு வழி. ஒன்று, அந்த நேரத்துப் பார் வசூலில் ஒரு சிறு சதவீதம். மற்றது, செட் முடியும் தறுவாயில் குழுவில் ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வரும் வாளி. நிச்சயமான சம்பளம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் குழு, அறையில் அறுபது பேர். ஆளுக்கு 5 டாலர் போட்டால் 300 டாலர். வாசிப்பவருக்குத் தலைக்கு 60. அறுபதில் இருபது பேர் மட்டும் ஆளுக்கு ஒரு டாலர் போட்டால் தலைக்கு 4 டாலர். காரை நிறுத்திய செலவுக்கே காணாது. பாதிப் பேர் வாளி வரும் நேரம் பார்த்துக் கழிப்பறைக்கும் வாசலுக்கும் நகர்ந்துவிடுவதால் இது அடிக்கடி நடக்கிறது. நகர்கிறவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கெட்ட எண்ணம் காரணமில்லை. வாளிதான் சம்பளம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு செட்டுக்கு ஆளுக்கு 5 டாலருக்குக் குறையாமல், முழு இரவும் ஒரே இடத்தில் இருந்தால் 10, 20. விரும்பிய பாட்டைக் கேட்டு வாங்கினால் அதற்குத் தனியாக. மேடைக்கு முன்னால் வாளி நிலையாக இருந்தால், பாட்டு முடிந்ததும் குனிந்து போய்ப் போட்டுவிட்டு வரலாம். தயக்கம் வேண்டாம், அவர்கள் தலையசைத்து நன்றி சொல்வார்கள். நடைபாதையில் நின்று கேட்டாலும் வாளிக்குக் கடன்தான். ஃபிரெஞ்ச்மென் தெருமுனையில் இளைஞர்கள் பிராஸ் பேண்ட் வாசிப்பார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் அட்டைப் பெட்டிக்கும் இதே அளவு. பானம் ஊற்றுபவருக்கு இது சேராது. அவருக்குப் பீருக்கு ஒரு டாலர், கலவைப் பானத்துக்கு இரண்டு என்று தனியாக வைக்க வேண்டும்.

பணத்தைக் காகிதமாக எடுத்துப் போங்கள். வாளியில் இப்போது வென்மோ என்ற பணம் அனுப்பும் செயலியின் கியூஆர் கட்டங்கள் ஒட்டியிருப்பார்கள். அதற்கு அமெரிக்க வங்கிக் கணக்கும் அமெரிக்கக் கைபேசி எண்ணும் வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோ சுற்றுலா விசாவில் வந்த நண்பரோ அதைப் பயன்படுத்த முடியாது. பாருக்குள் இருக்கும் ஏடிஎம் எந்திரம் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நல்ல கட்டணம் பிடித்துக்கொள்ளும். பகலிலேயே வங்கியில் 60 டாலரை இருபது ஒற்றை டாலர், எட்டு ஐந்து டாலர் என்று மாற்றிக்கொண்டால் ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்குச் சரியாக இருக்கும். 50 டாலர் நோட்டோடு நின்றால் வாளி நம்மைக் கடந்து போய்விடும். இன்னொரு அழகான பழக்கம்: அந்த ஊரில் பிறந்தநாள் கொண்டாடுகிறவர் தன் சட்டையில் ஒரு டாலர் நோட்டைக் குத்திக்கொண்டு வருவார். முன்பின் தெரியாதவர்களும் ஒரு நோட்டுச் சேர்த்துக் குத்திவிட்டு வாழ்த்துவார்கள். தென்மாவட்டக் கோயில் கொடைகளில் நையாண்டி மேளக்காரர் சட்டையில் நோட்டுக் குத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது.

நகரின் மேற்புறம் தனி இரவுக்கு உரியது. ஃபிரெஞ்ச்மென் தெருவோடு சேர்த்து ஒரே இரவில் முடிக்கப் பார்க்க வேண்டாம். செயின்ட் சார்ல்ஸ் டிராம் பாதை 1835 முதல் இருக்கிறது. கட்டணம் 1.25 டாலர், சில்லறை சரியாக வேண்டும். ஓட்டுநர் மீதி தர மாட்டார். கெனால் தெருவில் ஏறி, கரோல்டன் அவென்யூவில் திரும்பிய பின் ஓக் தெருவில் இறங்கினால் சிறிது நடையில் 8316 எண்ணில் மேப்பிள் லீஃப் பார். 1974 முதல் இயங்குகிறது. நீளமான குறுகிய அறை; சுவரிலும் கூரையிலும் அச்சிட்ட தகரத் தகடு. அந்தத் தகரம்தான் அந்த அறையின் ஒலி. பிராஸ் பேண்டின் ஒவ்வொரு அடியும் நான்கு பக்கமும் பட்டுத் திரும்பி வரும். ஜேம்ஸ் புக்கர் என்ற அபூர்வமான பியானோக்காரர் 1983-இல் இறக்கும்வரை வாசித்த இடம். ரீபர்த் பிராஸ் பேண்ட் பல பத்தாண்டுகள் செவ்வாய்க்கிழமைகளில் வாசித்துப் பெயர் வாங்கியதும் இங்கேதான். எட்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள். பத்து மணிக்கு முன் பெரிதாக ஒன்றும் நடக்காது. இரண்டாம் செட்தான் சூடு பிடிக்கும். மூச்சு முட்டினால் பின்புறம் ஒரு திறந்த முற்றம் உண்டு.

நெப்போலியன் அவென்யூவும் சாப்பிடூலஸ் தெருவும் சந்திக்கும் மூலையில் டிப்பிடினாஸ். 1977-இல் புரொஃபசர் லாங்ஹேர் என்ற பியானோ மேதை கடைசிக் காலத்தில் வாசிக்க ஓர் இடம் வேண்டும் என்று அவரை நேசித்தவர்கள் தொடங்கியது. 1980-இல் அவர் இறந்தார். நுழைந்ததும் அவருடைய மார்பளவுச் சிலை நிற்கும். வருகிறவர்கள் அதன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போவார்கள். 2018-இல் கலாக்டிக் என்ற உள்ளூர் ஃபங்க் குழுவினரே இதை வாங்கிக்கொண்டார்கள். வாசிப்பவர்கள் கையில் இருக்கும் மேடை என்பதால் ஒலி அமைப்பில் சமரசம் இருக்காது. பெரிய கூடம், முன்பே டிக்கெட் வாங்க வேண்டும். டிராம் பாதையிலிருந்து ஆற்றுப் பக்கம் நல்ல தூரம் என்பதால் இரவில் வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே சரி.

ட்ரமே பகுதியைச் சொல்லாமல் இந்த ஊரின் இசையைச் சொன்னதாக ஆகாது. அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று. அடிமைப்பட்டிருந்த மக்கள் ஞாயிறுதோறும் கூடி ஆடிப் பாடிய காங்கோ சதுக்கம் இங்கேதான். நடுவே போகும் கிளெய்போர்ன் அவென்யூவில் கடைகளும் ஓக் மரங்களும் நிறைந்திருந்தன. 1966-இல் மரங்களை வெட்டி ஐ-10 மேம்பாலத்தை அதன் தலைமேல் கட்டினார்கள். ஹூஸ்டனிலிருந்து வருகிறவர்கள் ஊருக்குள் நுழையும் அதே சாலை. அந்தப் பாலத்தின் நிழலில் 1500 எண்ணில், சுவரெல்லாம் ஓவியமாக நிற்கிறது மதர்-இன்-லா லவுஞ்ச். மாமியாரைப் பற்றிய பாட்டால் 1961-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த எர்னி கே-டோ தொடங்கிய பார். அவருக்குப் பின் அவர் மனைவி நடத்தினார். 2014-இல் ட்ரம்பெட் கலைஞர் கெர்மிட் ரஃபின்ஸ் எடுத்துத் திறந்தார். ரீபர்த் பிராஸ் பேண்டை 1983-இல் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். சில மாலைகளில் அவரே சமைத்து, அவரே வாசிப்பார். சுற்றுலாப் பயணிகளுக்காக அமைத்த இடமில்லை, அக்கம்பக்கத்தாரின் இடம். ஆகவே கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டாமல், முதலில் வணக்கம் சொல்லி ஒரு பானம் வாங்கி உட்காருங்கள். அரை மணியில் பேச ஆள் கிடைத்துவிடும். போகவும் வரவும் கார் அழைத்துக்கொள்ளுங்கள்; பாலத்தின் அடியில் இரவில் நடக்க வேண்டாம்.

வியாழக்கிழமை ஊரில் இருந்தால் கரோல்டன் அவென்யூவில் ராக் அண்ட் பௌல். பௌலிங் ஆடும் கூடமும் இசை மேடையும் ஒரே கூரைக்கீழ். வியாழன் இரவு வழக்கமாக சைடிகோ: லூசியானா கிராமங்களின் அக்கார்டியன் இசை, மார்பில் மாட்டிய நெளிதகரத்தைக் கரண்டி போன்ற துண்டுகளால் உரசித் தாளம். மேடை உயரமாகவும் தளம் அகலமாகவும் இருப்பதால் ஆடத் தெரியாதவரும் ஓரமாக நின்று காலடியைக் கற்றுக்கொள்ளலாம். கெனால் தெரு டிராமில் போகக்கூடிய சிக்கி வா வா, பாடலாசிரியர்களும் பியானோக்காரர்களும் அமைதியாக வாசிக்கும் இடம். கூச்சல் பிடிக்காதவர்களுக்கு அது போதும்.

கேட்கும் முறை பற்றியும் கொஞ்சம். ஆதி தாளத்தின் முதல் தட்டில் அழுத்தம் வைத்துப் பழகிய கை, இந்த இசைக்கும் ஒன்று, மூன்றில் தட்டப் பார்க்கும். இங்கே நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும். முன்வரிசையில் பத்துப் பேர் ஒன்றில் தட்டினால் டிரம் வாசிப்பவர் படும் பாடு அவர் முகத்திலேயே தெரியும். பிராஸ் பேண்டில் தாளம் இரண்டு ஆளுக்குப் பிரிந்திருக்கும். ஸ்னேர் என்ற சிறிய டிரம் ஒருவர், பாஸ் டிரம் என்ற பெரியது மற்றவர். பாஸ் டிரம்காரர் ஒரு கையால் தோலை அடித்து, மறு கையில் வளைத்த கம்பியாலோ ஸ்க்ரூடிரைவராலோ டிரம்மின் மேலே பொருத்திய சிம்பலைத் தட்டுவார். நான்காம் எண்ணிக்கையை ஒட்டி விழும் அந்தக் கனத்த அடியைப் பிடித்துக்கொண்டால் கால் தானாக நடக்கும். நடப்பதற்காகவே பிறந்த தாளம் அது, சாவு ஊர்வலத்தில் பிறந்தது. இடுகாட்டுக்குப் போகும்போது மெல்ல, திரும்பும்போது துள்ளலாக. பறையடித்து வழியனுப்பும் ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டுக்கு நடுவே ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் கைதட்டலாம், தட்ட வேண்டும்.

சூசஃபோன் (உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுகருவி), இரண்டு டிராம்போன், இரண்டு ட்ரம்பெட், இரண்டு டிரம் ஒரு தகர அறைக்குள் வாசித்தால் ஒலி 100 டெசிபலைத் தொடும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் காதுக்கு வரம்பு என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். மருந்துக் கடையில் விற்கும் நுரைப்பஞ்சுக் காதடைப்பானே போதும்: விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா வாயிலில் செருகினால் பயனில்லை. டிராம்போனுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். ஒலியும் கூடுதல், சறுக்குக் குழாயும் மூக்கில் படும். பக்கவாட்டில், டிரம் இருக்கும் பக்கமாக இரண்டு மூன்று அடி பின்னால் நிற்பது நல்லது.

மற்றவை சுருக்கமாக. மது அருந்தும் வயது 21. முடி நரைத்தவரிடமும் அடையாளம் கேட்பார்கள்; இந்திய ஓட்டுநர் உரிமத்தை நம்பாமல் பாஸ்போர்ட்டையே எடுத்துப் போங்கள். 2015 முதல் பார்களுக்குள் புகைக்கத் தடை. பானத்தோடு தெருவில் நடக்கலாம், ஆனால் பிளாஸ்டிக் கோப்பையில் மட்டும்; கண்ணாடி கூடாது. வெளியேறும்போது கேட்டால் மாற்றி ஊற்றித் தருவார்கள். ஊருக்கென்றே ஒரு பானம் குடிக்க வேண்டுமென்றால் சாசராக்: ரை என்ற தானியத்தில் வடித்த விஸ்கி, சர்க்கரை, பேஷோஸ் கசப்புத் துளிகள், சோம்பு மணக்கும் மதுவில் அலசிய கோப்பை, எலுமிச்சைத் தோல். ஐஸ் இல்லாமல் வரும், மெல்லக் குடிக்க வேண்டியது. சைவர்களுக்கு எச்சரிக்கை: திங்கட்கிழமைகளில் பல பார்களில் சிவப்பு பீன்ஸும் சோறும் கிடைக்கும். பார்க்க ராஜ்மா போலிருக்கும். உள்ளே பன்றித் தொடையோ தொத்திறைச்சியோ சேர்ந்து வெந்திருக்கும். கீரை கம்போ என்ற குழம்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். காரில் வந்தவர்கள் அதை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். ஃபிரெஞ்ச்மென் சுற்றுவட்டாரம் குடியிருப்புப் பகுதி. வெளியார் வண்டிக்கு நேர வரம்பு உண்டு, மீறினால் இழுத்துப் போய்விடுவார்கள். தெருவில் ஒருவர் வந்து "உங்கள் ஷூவை எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லட்டுமா, பந்தயம்?" என்பார். "உங்கள் காலில், இந்தத் தெருவில்" என்பதுதான் பதில், பிறகு பந்தயப் பணம் கேட்பார். சிரித்தபடி நடந்துவிடுங்கள்.

ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஜாஸ் ஃபெஸ்ட் நடக்கும் வாரங்களில் பார்களில் விடியும்வரை இசை உண்டு, அறை வாடகையும் எக்கச்சக்கம். கூட்டமில்லாமல் கேட்க வேண்டுமென்றால் ஆகஸ்ட். வெயிலும் புழுக்கமும் சென்னைக்காரரையே திணறடிக்கும், ஆனால் மேடைக்கு முன்னால் இடம் கிடைக்கும். புயல் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குழுக்களும் கிழமைகளும் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றன்றைய நிகழ்ச்சியை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதற்கு 90.7 பண்பலையில் வரும் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இஸட். சமூக வானொலியை விடச் சிறந்த வழி இல்லை. ஒற்றைப்படை மணிகளில் அன்றிரவு யார், எங்கே, எத்தனை மணிக்கு வாசிக்கிறார்கள் என்று வாசித்துவிடுவார்கள்; அவர்கள் தளத்திலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இருந்தால், பிராஸ் பேண்டுக்குப் பின்னால் ஊரே ஆடிக்கொண்டு போகும் செகண்ட் லைன் ஊர்வலத்தின் பாதையையும் அங்கேயே பார்க்கலாம். கோடை தவிர்த்து ஏறக்குறைய எல்லா ஞாயிறும், மதியத்திலிருந்து நான்கு மணி நேரம். குழுவுக்குப் பின்னால் நடக்க வேண்டும். கயிறு கட்டியிருக்கும் பகுதிக்குள் நுழையக் கூடாது. தண்ணீரை ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு கூடவே வருகிறவர்களிடம் வாங்குங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியூர் இசை இடங்களைப் பற்றி எழுதும்போது நுழைவுக் கட்டணத்தை மட்டும் போடாமல், வாசிப்பவருக்குப் பணம் எந்த வழியில் போய்ச் சேருகிறது என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். பயணப் பக்கத்தில் விமான நேரத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஹூஸ்டன் வாழ் வாசகர்